ஒரே பனிக்குடத்தில் இரண்டு குழந்தைகள்

கேள்வி: என் மருமகளுக்கு இது 13-வது வாரம். இரட்டைக் குழந்தைகளாம், இரண்டும் ஒரே பனிக்குடத்தில், நடுவில் சவ்வே இல்லை என்கிறார்கள். கொடி பின்னிக்கொள்ளுமா டாக்டர்?
– வாசகி, கரூர்

பதில்: முதலில், கருவளர்ச்சி ஸ்கேனில் அனுபவமுள்ள ஒருவரிடம் மறுபடி பார்த்துவிடுங்கள் அம்மா. நடுச்சவ்வு மிக மெல்லியதாக இருந்தால் கண்ணில் படாமல் போவதுண்டு.

ஒரே குடம்தான் என்று உறுதியானால், கரு உருவாகி ஒரு வாரத்துக்குமேல் கழித்தே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அது யாருடைய தவறும் அல்ல. எதைத் தூக்கினாள், எப்படிப் படுத்தாள் என்று சொந்தக்காரர்கள் விசாரணை நடத்தினால் நீங்களே தடுத்துவிடுங்கள்.

கொடி பின்னுவது இத்தகைய கர்ப்பங்களில் அநேகமாக எல்லோருக்கும் நடக்கும். முடிச்சு இறுகி ரத்த ஓட்டம் தடைபடுவதுதான் ஆபத்து. அதைத் தடுக்க மருந்தும் இல்லை, படுக்கை ஓய்வும் உதவாது. கண்காணிப்பு ஒன்றே வழி. 16 வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறையாவது ஸ்கேன் வேண்டும். இதயக் குறைபாட்டுக்கு வாய்ப்பு சற்று அதிகம் என்பதால், 20 வாரத்தையொட்டி இரு கருவுக்கும் எக்கோ. 24 முதல் 28 வாரத்துக்குள் பல மருத்துவர்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்து, தினமும் சில முறை இரு இதயத்துடிப்பையும் பதிவு செய்வார்கள். அலுப்பான நாட்கள்தான், ஆனால் துடிப்பு தடுமாறினால் உடனே சிசேரியன் செய்ய முடியும்.

எல்லாம் சரியாகப் போனாலும் 32–34 வாரத்தில் சிசேரியன்தான். அதற்குமுன் குழந்தைகளின் நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். எனவே குறைமாதக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்யுங்கள். வளைகாப்பை ஐந்தாம் மாதத்திலேயே வைத்துவிடுங்கள். ஏழாம் மாதம் அவள் வார்டில் இருக்கக்கூடும்.