ரிவியூ தேதி தவறாமல் இருக்க...

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தையைக் காட்டும் பெற்றோருக்குச் சில குறிப்புகள்:

1. "நாலு வாரம் கழிச்சு வாங்க" என்று டாக்டர் சொன்னால், தேதியையும் கிழமையையும் ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அங்கேயே செல்போனில் காலண்டரைப் பாருங்கள். அரசு விடுமுறையோ பள்ளித் தேர்வோ குறுக்கிட்டால், அப்போதே வேறு தேதி கேட்பது சுலபம்.

2. பெரும்பாலும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் (டாக்டர்கள் குழுவுக்கும்) ஓ.பி. நாள் தனி. தேதி தவறிவிட்டால் அதே கிழமையில் போங்கள். வேறு கிழமையில் போனால் வேறு யூனிட் இருக்கும்; கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். குழந்தைக்கு முடியவில்லை என்றால் மட்டும் கிழமை பார்க்காதீர்கள்.

3. பயிற்சி மருத்துவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஹவுஸ் சர்ஜனுக்கு 1 வருடம், பி.ஜி. டாக்டருக்கு 3 வருடம்; அதற்குள்ளும் வார்டு வார்டாகப் போஸ்டிங். போன முறை பார்த்தவர் இந்த முறை இல்லாமல் போகலாம். ஆகவே ஒரு நோட்டு போடுங்கள். சீட்டு, ரத்தப் பரிசோதனை முடிவு, குழந்தையின் எடை, மருந்தின் அளவு எல்லாம் அதில் இருக்கட்டும். பாட்டி அழைத்துப் போனாலும் நோட்டு பேசும்.

4. வலிப்பு மருந்து, ஸ்டீராய்டு போன்றவற்றை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. வலிப்பு மருந்தைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு திரும்ப வரலாம். மருந்து தீரும் தேதியை பாட்டில் மேலேயே எழுதிவையுங்கள். ரிவியூவுக்கு முன்பே தீரும்போல இருந்தால், இரண்டு மூன்று நாள் முன்னதாகவே நோட்டோடு போய் வாங்கிவிடுங்கள்.

5. 6, 10, 14 வாரத் தடுப்பூசிகளில் ஒன்று தவறினால் முதலிலிருந்து போட வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். லேசான சளிக்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

6. தள்ளிப்போடவே கூடாத தேதி ஒன்று உண்டு. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும். மிகச் சிறிய குழந்தை என்றால் 2, 3 வாரத்திலேயே. விழித்திரையில் நோய் இருந்து அது முற்றினால் பார்வையே போகலாம். வெளிப்பார்வைக்குக் கண் நன்றாக இருப்பதுபோலத்தான் தெரியும். வீட்டில் தீட்டுக் கழியட்டும் என்று காத்திருக்கும் பெரியவர்களிடம் இதை உடைத்துச் சொல்லிவிடுங்கள்.

7. பதிவு செய்யும்போது இரண்டு போன் நம்பர் கொடுங்கள். ரீசார்ஜ் தீர்ந்த நம்பருக்கு யாரும் கூப்பிட முடியாது.

8. வராமல் போனதற்குத் திட்டுவார்களோ என்று ஒதுங்கிவிடாதீர்கள். பஸ் செலவு, ஒரு நாள் கூலி போகிறது என்பதை டாக்டரிடமே சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையையும் ரிவியூவையும் ஒரே நாளில் வைக்க முடியுமா, மருந்தைக் கூடுதல் நாளுக்குத் தர முடியுமா என்று கேளுங்கள்.