கடையில் பளபளப்பது வீட்டில் என்ன ஆகும்?

சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்த 1975-க்குப் பிந்தைய ஆண்டுகளில் டிவி ஒரு மரச்சாமானாகத்தான் வீட்டுக்குள் நுழைந்தது. சாலிடேர், டயனோரா காலத்துப் பெட்டிகள் பலவற்றில் இழுத்து மூடுகிற மரக்கதவு இருக்கும். கீறல் விழுந்தால் கதவு ஜன்னலுக்கு வாங்கிய வார்னிஷில் மிச்சம் இருப்பதைப் பூசிவிடலாம்.

பின்னால் வந்த ஃபேஷனில் அந்த வசதி இல்லை. 2006-இல் சாம்சங்கின் போர்டோ டிவி பளபளக்கும் கறுப்புச் சட்டத்தோடு வந்து பெரும் வெற்றி பெற்றது. அதே ஆண்டு வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் 3-க்கும் பியானோக் கறுப்புதான். சவுண்ட்பார், செட்டாப் பாக்ஸ், மைக்ரோவேவ் என்று எல்லாமே மெல்ல அந்தப் பக்கம் சாய்ந்தன.

நம் ஊர்த் தூசிக்கு இந்தப் பளபளப்பு ஒத்துவராது. சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால், துடைத்த கை போன தடமெல்லாம் வட்ட வட்டமாக மெல்லிய கோடுகளாய்த் தெரியும். துணிக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிக்கும் மணல்துகள் செய்கிற வேலை அது. பழைய பனியன் துணியால் காய்ந்தபடியே அழுத்தித் தேய்ப்பதுதான் பல வீடுகளில் வழக்கம். முதலில் மெத்தென்ற பிரஷ்ஷால் தூசியைத் தட்டிவிட்டு, அப்புறம் லேசாக ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுத்தால் கோடு விழுவது வெகுவாகக் குறையும்.

இப்போது காற்று பளபளப்பில்லாத மேட் பூச்சின் பக்கமும், விரும்பியபடி மாற்றிக்கொள்ளும் நிறங்களின் பக்கமும் அடிக்கிறது. 2017-இல் வந்த ‘தி ஃபிரேம்’ டிவிக்கு மரநிறம், வெள்ளை என்று சட்டத்தை மாற்றிக்கொள்ளலாம். 2019-இல் வந்த ‘பெஸ்போக்’ ஃபிரிட்ஜில் கதவுப் பலகையையே மாற்றலாம். இரண்டும் சாம்சங்தான். சொரசொரப்பான மேட் கைரேகையை மறைக்கும். ஆனால் எண்ணெய்க் கை பட்டால் கறை உள்ளே இறங்கிக்கொள்ளும். அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிற சாமானுக்கு அது வேண்டாம்.

மேட்டிலேயே ஒரு வகையைக் கடலோர ஊர்க்காரர்கள் தவிர்ப்பது நல்லது. தொட்டால் ரப்பர்போல மெத்தென்றிருக்கும் பாலியூரிதேன் பூச்சு அது. ஹெட்போன், ரேடியோ, ரிமோட் ஆகியவற்றில் வரும். காற்றின் ஈரம் அதைச் சிதைக்க, சில ஆண்டுகளில் பிசுபிசுத்துக் கையில் ஒட்டும். பவுடர் போட்டால் கொஞ்ச நாளைக்குத்தான் தாங்கும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் தேய்த்து அந்தப் படலத்தையே எடுத்துவிட்டால், அடியிலிருக்கும் வெறும் பிளாஸ்டிக் பல காலம் உழைக்கும்.

வெள்ளைச் சாமான் மஞ்சளானால் சோப்புத் தண்ணீரில் ஓர் ஓரத்தைத் துடைத்துப் பார்க்க வேண்டும். போய்விட்டால் அது சமையலறை எண்ணெய்ப் புகை. போகாவிட்டால் வெயிலும் சூடும் பட்டுப் பிளாஸ்டிக்கே பழுத்திருக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அதை வெளுக்கும் என்றாலும் மஞ்சள் திரும்பி வருவதுண்டு. ஜன்னலைவிட்டுத் தள்ளி வைப்பதே மேல்.

ஃபிரிட்ஜில் நம் ஊர் ரசனை தனி. ஒயின் சிவப்பில் பூப்போட்ட கதவுகள் இன்றும் நன்றாக விற்கின்றன. வீட்டின் உயிர்ப்பான நிறம் அது, அதைக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஸ்டீல் கதவென்றால் மேலே ஒட்டிய பிளாஸ்டிக் படலத்தை வந்த அன்றே உரித்துவிட வேண்டும். புதுசு கலையாமல் இருக்கட்டும் என்று விட்டுவைத்தால் வெயில் காலச் சூட்டில் பசை இறுகிவிடும். ஒட்டிக்கொண்ட பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக் கொஞ்ச நேரம் ஊறவிடலாம். துடைப்பது ஸ்டீலின் கோடு ஓடும் திசையிலேயே இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் கரைசல் ஆகவே ஆகாது.

வாங்கும்போது, பலர் கைபட்ட டிஸ்ப்ளே பீஸின் கைப்பிடி ஓரத்தைக் குனிந்து பார்த்துவிடுங்கள். வீட்டில் பூச்சு எப்படித் தேயும் என்று அங்கேயே தெரிந்துவிடும். பில்லில் மாடல் எண் கடைசி எழுத்துவரை முழுசாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பல கம்பெனிகள் நிறத்தை அந்த எண்ணிலேயே குறிக்கின்றன. பின்னால் கதவு மாற்ற நேர்ந்தால் சர்வீஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.