ஐந்நூறு பேரும் ஒரு சாலையும்

அன்புள்ள தங்கைக்கு,

ஊரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் மாணவர்கள் மக்கள்தொகையை ஒரு வரியிலும் பேருந்து வசதியை இன்னொரு வரியிலும் எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். சிற்றூர்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு வரிகளையும் பிரிக்க முடியாது. எத்தனை பேர் என்ற எண்தான் பல ஊர்களுக்குச் சாலை வருமா வராதா என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

2000 டிசம்பர் 25 அன்று மத்திய அரசு பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தைத் தொடங்கியது. அப்போது நாட்டின் 8.25 லட்சம் குடியிருப்புகளில் ஏறத்தாழ 3.3 லட்சத்துக்கு மழையிலும் வண்டி போகக்கூடிய சாலை இல்லை. யாருக்கு முதலில் போடுவது? 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து வரிசை போட்டார்கள். 1,000 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகள் முதலில், அடுத்து 500 பேருக்கு மேல் உள்ளவை. மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிகளில் 250 பேர் இருந்தால் போதும். இங்கே ஊராட்சியின் மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனி. மக்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பைத்தான் பார்த்தார்கள். ஊராட்சியில் மூவாயிரம் பேர் இருந்தாலும், ஒதுங்கிக் கிடக்கும் ஒரு குக்கிராமத்தில் முந்நூறு பேர்தான் என்றால் அது காத்திருக்க வேண்டியதுதான்.

499 பேர் உள்ள ஊருக்கும் 501 பேர் உள்ள ஊருக்கும் வாழ்க்கையில் என்ன வேறுபாடு இருந்திருக்கும்? ஒன்றுமில்லை. ஆனால் ஒன்றுக்குச் சாலை முந்தியது. சாம் ஆஷர், பால் நோவோசாட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் இந்த எல்லைக்கோட்டையே ஆய்வுக் களமாக்கி, கோட்டின் இரு பக்கத்து ஊர்களையும் ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்வது இது: சாலை வந்து நான்கு ஆண்டுகளில் பலர் விவசாய வேலையை விட்டு வேறு வேலைகளுக்குப் போயிருக்கிறார்கள். விளைச்சலிலோ வருமானத்திலோ சொத்திலோ பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

சாலை வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். பிரசவ வலி வந்தவளை ஆம்புலன்சில் ஏற்றச் சாலை வேண்டும். ஆனால் தார் போட்டதோடு வேலை முடிந்துவிடாது. அதன்மேல் பேருந்து ஓட வேண்டும், அதுவும் பள்ளி நேரத்துக்கும் வேலை நேரத்துக்கும் ஓட வேண்டும். பெரிய பேருந்து நுழையாத ஊர்களுக்காகத் தமிழ்நாட்டில் 1997இல் மினி பஸ் திட்டம் வந்தது. 2025 ஜூனில் அது விரிவாக்கப்பட்டது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அருமையான திட்டம். ஆனால் பேருந்தே வராத ஊரில் கட்டணமில்லாப் பயணத்தால் யாருக்கு என்ன பயன்? விலக்கில் இறங்கி இருட்டில் மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டுமென்றால், பெண் பிள்ளையின் படிப்பைத்தான் வீட்டில் முதலில் நிறுத்துவார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. போக்குவரத்து இல்லாத ஊரிலிருந்து இளைஞர்கள் திருப்பூருக்கோ சென்னைக்கோ குடிபெயர்கிறார்கள். கணக்கெடுப்பில் அவர்கள் வசிக்கும் இடத்திலேயே எண்ணப்படுகிறார்கள். ஊரின் தொகை குறைகிறது. குறைந்த தொகையால் சாலையும் பேருந்தும் கேட்கும் வலு போகிறது. 2024இல் ஒப்புதல் பெற்ற, பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் நான்காம் கட்டம் 25,000 குடியிருப்புகளுக்கு 62,500 கிலோமீட்டர் சாலை போட இருக்கிறது. அதற்கு அடிப்படை 2011 கணக்கெடுப்புதான். அன்று 490 பேர் இருந்த சமவெளி ஊர் இன்று வளர்ந்திருந்தாலும் ஏட்டில் 490தான். இது நியாயமில்லை.

அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஆம் தேதியை ஆதாரமாகக் கொண்டது. அதற்குள் நீ ஒன்று செய். மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் நம் ஊரின் பெயருக்கு நேரே உள்ள தொகையையும் வசதிகளையும் குறித்துக்கொள். முதல் பேருந்து எப்போது, கடைசிப் பேருந்து எப்போது, பள்ளியும் ஆரம்ப சுகாதார நிலையமும் எவ்வளவு தூரம் என்று எழுது. கிராம சபையில் வாக்காளர்கள்தான் உறுப்பினர்கள். உனக்கு இன்னும் வாக்களிக்கும் வயது வரவில்லை. எழுதியதை அம்மாவிடம் கொடு. அடுத்த கூட்டத்தில் அவர் அதை வாசித்துத் தீர்மானமாகப் பதியச் சொல்லட்டும்.

அன்புடன்,
அண்ணன்