நாற்காலி நீங்கிய பின்னும் நிற்கும் தோழமை

பணி ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே வீட்டுத் தொலைபேசி ஒலிப்பது குறைந்துவிடுகிறது. பண்டிகை நாளில் வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள், அடுத்த ஆண்டு அதே நாற்காலியில் அமர்ந்திருக்கும் வேறொருவரைத் தேடிச் செல்கிறார்கள். அவர்கள் வணங்கியது பதவியைத்தான் என்பது அறிவுக்குத் தெரியும். ஆயினும், முப்பத்தைந்து ஆண்டுகள் 'ஐயா' என்றே அழைக்கப்பட்டவருக்கு அந்த மௌனம் எளிதில் பழகுவதில்லை. பலருக்கும் கல்லூரித் தோழர்களின் நினைவு வருவது அப்போதுதான்.

பெங்களூருவின் பிரேசர் டவுன், தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் பழைய கண்டோன்மெண்ட் பகுதியைச் சேர்ந்தது. காலை நடையை முடித்து மரநிழலில் அமரும் முதியவர்களின் பேச்சு பெரும்பாலும் ஒரே தடத்தில் செல்லும்: முழங்கால் அறுவைச் சிகிச்சை, சர்க்கரை அளவு, அமெரிக்காவில் பேரனின் படிப்பு, நவம்பரில் வங்கியில் தர வேண்டிய வாழ்நாள் சான்றிதழ். இடையே ஒரு தோழரின் மறைவுச் செய்தி வரும், பேச்சு நின்றுபோகும். பிறகு, மறைந்தவர் விடுதியில் செய்த குறும்பு ஒன்றை எவரேனும் நினைவூட்ட, அனைவரும் சிரிப்பர். தலைமைப் பொறியாளராக இருந்தவரை 'டேய்' என்று அழைக்கும் உரிமை பெற்றோர் உலகில் இந்தச் சிலர் மட்டுமே.

பிரேசர் டவுன் என்னும் பெயருக்குப் பின்னாலும் ஒரு பள்ளித் தோழமை இருக்கிறது. 1898-இல் பெங்களூருவைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்க அமைக்கப்பட்ட இக்குடியிருப்பு, மைசூர் ரெசிடெண்டாக விளங்கிய ஸ்டூவர்ட் பிரேசரின் பெயரைப் பெற்றது. (இன்று அதன் பெயர் புலிகேசி நகர், மக்கள் நாவில் பழைய பெயரே நிலைத்துவிட்டது.) அப்பதவிக்கு வருமுன் பிரேசர், இளம் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையாருக்கு ஆசிரியராக இருந்தவர். அரசருடன் சேர்ந்து பயிலத் தேர்ந்தெடுக்கப்பட்ட சிறுவர்களுள் ஒருவர் மிர்சா இஸ்மாயில்.

மகாராஜா பிறந்தது 1884-இல். மிர்சா சில மாதங்கள் மூத்தவர். பின்னர் பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் பட்டம் பெற்று அரசுப் பணியில் சேர்ந்த மிர்சா, படிப்படியாக உயர்ந்து 1926-இல் திவானானார். அரசரோ இந்து சமய ஒழுக்கங்களில் ஊன்றி நின்றவர், காந்தியடிகளால் ராஜரிஷி என்று போற்றப்பட்டவர். திவானோ இஸ்லாமியர். ஒருவர் ஆணையிட வேண்டியவர், மற்றவர் நிறைவேற்ற வேண்டியவர். இத்தனை வேற்றுமைகளுக்கிடையிலும் சிறுவயது நம்பிக்கை சிதையவில்லை. 1940-இல் மகாராஜா மறைந்தார். மறு ஆண்டே மிர்சா திவான் பதவியிலிருந்து விலகினார். அதன்பின் ஜெய்ப்பூரும் ஹைதராபாத்தும் அவரை அழைத்து உயர்பதவி அளித்தன. எனினும், எழுபது வயதில், 1954-இல் வெளியிட்ட தன்வரலாற்றிலும் தம் பழைய தோழரை அவர் அன்புடன் நினைவுகூர்ந்தார்.

எல்லாத் தோழமையும் இவ்வாறு நிலைப்பதில்லை. துருபதனும் துரோணரும் பரத்வாஜரின் ஆசிரமத்தில் ஒன்றாகப் பயின்றவர்கள். பின்னாளில் வறுமையோடு வந்து 'நண்பா' என்று அழைத்த துரோணரிடம், சமமானவர்க்கிடையே மட்டுமே நட்பு உண்டு என்றான் அரசனாகிவிட்ட துருபதன். அந்தச் சொல் மூட்டிய பகை குருட்சேத்திரம் வரை எரிந்தது. துரோணர் கையால் துருபதனும், துருபதன் மகன் கையால் துரோணரும் மாண்டனர்.

இன்றைய ஒன்றுகூடல்களில் எவரும் அவ்வாறு வெளிப்படையாகச் சொல்வதில்லை. மகனின் சம்பளத்தையும் புதிய வீட்டின் பரப்பளவையும் சொன்னால் போதும், அதே பொருள் வந்துவிடுகிறது. கேட்டுக்கொண்டிருந்தவர் அடுத்த முறை வருவதில்லை. குசேலர் தம் அவல் முடிச்சை மறைத்துக்கொண்டது போல, இவர் தம்மையே மறைத்துக்கொள்கிறார். மனைவிக்கு மறதி நோய், மகளின் மணமுறிவு, கையிருப்பு கரைந்த நிலை என ஏதேனும் ஒன்று அவரை வீட்டுக்குள் நிறுத்தியிருக்கும். பெண்களின் நிலை இன்னும் கடினம். திருமணத்தோடு ஊரும் பெயரின் முதலெழுத்தும் மாறிவிட்டதால், தோழியைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இதன் இழப்பு மனத்தோடு நின்றுவிடுவதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் 268 மாணவர்களைக் கொண்டு தொடங்கிய ஆய்வு, அவர்களை முதுமை வரை பின்தொடர்ந்தது. பாஸ்டனின் ஏழைக் குடியிருப்புச் சிறுவர்களின் வாழ்வும் அதனுடன் இணைத்து ஆராயப்பட்டது. ஐம்பது வயதில் தம் உறவுகளில் நிறைவு கண்டவர்களே எண்பது வயதில் உடல்நலத்தோடு இருந்தனர். முதுமையின் நலத்தை முன்கூட்டியே காட்டுவதில், இரத்தத்தின் கொழுப்பு அளவைவிட இந்நிறைவே சிறந்து விளங்கியது.

ஆகவே தோழர் குழுவில், வந்தவர்களை எண்ணுவதோடு வராதவரையும் ஒருவர் குறித்துக்கொள்வது நல்லது. அவரிடம் காரணம் கேட்க வேண்டியதில்லை; கேட்டால் பொய் சொல்ல நேரும். நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் தரச் செல்லும் நாளில், போகும் வழியில் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, "எனக்குத் தனியாகப் போகச் சோம்பலாக இருக்கிறது, நீயும் வாடா" என்று அழைக்கலாம். வங்கியில் வரிசை நீளமாகவே இருக்கும். பேசுவதற்கு நேரம் கிடைக்கும்.