முதல் தொகுப்பு எழுதும் தம்பிக்கு

தம்பி, பிள்ளைப் பருவத்தையும் வீட்டையும் வைத்து ஒரு கதைத் தொகுப்பு எழுதத் தொடங்கியிருக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். மனசு குளிர்ந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதாக நினைத்துக்கொண்டு கேள்.

1. கதையில் வரும் குழந்தைக்கு உன் வயதைக் கொடுத்துவிடாதே. வீட்டில் பணமில்லை என்பது எட்டு வயதுப் பையனுக்குப் புரியாது. அம்மா கடைசியாகச் சாப்பிட உட்கார்வதும், காலிச் சட்டியில் கரண்டி உரசும் சத்தமும்தான் அவனுக்குத் தெரியும். அதை மட்டும் எழுது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ படித்திருக்கிறாயா? தீர்வை பாக்கிக்காகக் கழற்றிக்கொண்டு போகிறார்களே, அது பிள்ளைகள் டிக்கெட் கொடுத்து பஸ் ஓட்டி விளையாடிய கதவு. அதை மறுபடி பார்க்கும்போது அந்தப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் படி.

2. பெற்றவர்கள் மேல் வழக்குப் போடாதே. என் அப்பா ஒருநாள் கோபப்பட்டதைக் கதையாக எழுதி, சித்திக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அன்னைக்குத்தான்டா அவருக்கு வேலை போச்சு. யார்கிட்டயும் சொல்லலை” என்றாள். கதையில் பொய் இல்லை. ஆனால் பாதி அப்பாதான் அதில் இருந்தார். எழுதும் முன் மூத்தவர்களிடம் போய் உட்கார். கேள்வியாகக் கேட்டுத் துளைக்காதே. அவர்கள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தால் நீயும் ஒரு கொத்தை எடுத்துக்கொள். பேச்சு தானாக வரும்.

3. வாசகனை அழவைக்க ஆசைப்படாதே. கு. அழகிரிசாமியின் ‘அன்பளிப்பு’ கதையில், டைரி கிடைக்காத சிறுவன் சாரங்கன் அழுது புரளுவதில்லை. தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அவ்வளவுதான் கதை. அந்தப் பெயரில் வந்த தொகுப்புக்குத்தான் 1970-இன் சாகித்திய அகாதெமி விருது.

4. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதான். அத்தையின் ரகசியம் அத்தையுடையது. பெயரை மாற்றினால் மட்டும் போதாது, ஊர் கண்டுபிடித்துவிடும். அச்சுக்குப் போகும் முன் அவளிடம் கேள். வேண்டாம் என்றால், எத்தனை நல்ல கதையானாலும் எடுத்து வைத்துவிடு.

5. தொகுக்கும்போது ஒரே பாட்டி மூன்று கதைகளில் செத்துப்போவாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொள்.

முதல் கதை முடிந்ததும் எனக்கு அனுப்பு. அதற்கு முன்னால் உன் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டு.