வால்வு ஆம்ப் இரைகிறதா?

முதலில் கிட்டார் ஒயரைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் ஆம்ப்மேல் பழியில்லை. கிட்டாரோ, ஒயரோ, பக்கத்து ஃபேன் ரெகுலேட்டரோதான். கிட்டாரோடு மெல்லத் திரும்பிப் பாருங்கள். சத்தம் கூடிக் குறைந்தால் பிக்கப் வெளியிலிருந்து இழுக்கிறது.

நிற்கவில்லையா? வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறை போன்ற மழை குறைந்த ஊர்களில் கோடையில் எர்த் குழி காய்ந்து எர்த் வலுவிழக்கும், தண்ணீர் ஊற்றுங்கள். சதுர அலை இன்வர்ட்டரில் ஓட்டினாலும் இரையும். எர்த் பின்னை ஒடிக்கச் சொல்லும் மேடை மேதைகளை நம்பாதீர்கள். சத்தத்தோடு உயிரும் போகும்.

வால்யூமைக் குறைத்தும் அடங்காத 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் (நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இரட்டிப்பு) ஃபில்டர் கெப்பாசிட்டரின் வேலையாக இருக்கலாம். நீங்களே திறக்காதீர்கள்: சுவிட்சை அணைத்த பிறகும் அதில் 400 வோல்ட்கூடத் தேங்கியிருக்கும். வால்வு செட் பழகிய மெக்கானிக்கிடம் கொடுங்கள்.