சில்லறை வேலைகளில் கற்ற எழுத்து

மதுரை கே.கே. நகரில் என் வீட்டுக்கு அவ்வப்போது வந்துபோகும் இளைஞர்கள், கையில் ஒரு கோப்பும் முகத்தில் ஒரு தயக்கமுமாகத் திண்ணையில் அமர்ந்து, குசலம் விசாரித்து முடிந்த மறுகணமே கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கிறது: "ஐயா, இதை எந்தப் பதிப்பகத்துக்குக் குடுத்தா உடனே போடுவாங்க?" கதையைப் பற்றிய கேள்வி அதற்கு அப்புறந்தான் வரும், சில சமயம் வராமலே போய்விடும். அவர்களை நான் பரிகசிப்பதில்லை. எழுதியது அச்சில் ஏற வேண்டும் என்ற ஆசை எழுதுகிறவனுக்கு ஸ்வபாவமானது. அந்த ஆசை இல்லாதவன் நாட்குறிப்போடு நின்றுவிடுவான். ஆயினும், மாவட்ட நீதிமன்றத்தில் தட்டச்சராக உத்தியோகம் பார்த்து, ஓய்வு பெற்று, இடையிடையே எழுதிய சிறுகதைகளைச் சில தொகுதிகளாகவும் கொண்டுவந்திருக்கிற என்னுடைய அனுபவத்தில் திடமாகத் தெரிந்த விஷயம் ஒன்று உண்டு. எழுத்தைச் சுற்றிக் கிடக்கும் சில்லறை வேலைகளை, அதாவது கேட்டு எழுதுவது, படியெடுப்பது, புரூஃப் பார்ப்பது, பக்கத்தைக் குறைப்பது, புத்தகக் கட்டைச் சுமப்பது ஆகியவற்றை, எவன் தன் கையால் செய்கிறானோ அவனுக்கே எழுத்தும் பிடிபடுகிறது, நூலாசிரியன் என்ற பெயரும் நிலைக்கிறது. மற்றவை எல்லாம் அதிர்ஷ்டத்தின் பாற்பட்டவை.

எனக்கு வசன நடையைக் கற்பித்த முதல் பள்ளிக்கூடம் சாட்சிக் கூண்டு என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்தோ உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தோ வந்த ஒரு விவசாயி, "வெள்ளன எந்திரிச்சு மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வாரேன், இவுக ரெண்டு பேரும் வாய்க்கா வரப்புல நிக்கிறாக" என்று கையை நீட்டிச் சொல்லுவார். அது நீதிபதி வாய்மொழியாக வந்து என் விரல் வழியே தாளில் இறங்கும்போது, "சம்பவத்தன்று அதிகாலையில் நான் மாட்டிற்குத் தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பும்போது எதிரிகள் 1, 2 ஆகியோர் வாய்க்கால் வரப்பில் நின்றிருந்ததைப் பார்த்தேன்" என்று ஆகிவிடும். குறுக்கு விசாரணை வந்தால், வக்கீல் கேட்ட கேள்வியே சாட்சியின் வாக்கியமாக உருமாறி, "நான் அன்றைய தினம் ஊரிலேயே இல்லை என்று சொன்னால் சரியல்ல" என்று முடியும். அந்த மனிதர் உண்மையில் சொன்னதோ, தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அதெப்படிங்கய்யா?" என்ற ஒரே கேள்வி.

இதில் போனது இன்னது, வந்தது இன்னது என்று சாயங்காலங்களில் நான் யோசிப்பதுண்டு. போனது மனிதரின் மூச்சு, வட்டாரம், வயது, கோபம், கூண்டின் கட்டையைப் பிடித்திருந்த கை. வந்தது ஒழுங்கு: யார், எங்கே, எப்போது, யாரைப் பார்த்து என்ற நான்கும் தவறாமல் இடம் பெறுகிற ஒழுங்கு. ஆரம்ப எழுத்தாளர்களின் கதைகளில் நான் காணும் குறைகள் பெரும்பாலும் இவ்விரண்டில் ஒன்றாகவே இருக்கின்றன. ஒருவன் மூச்சை மட்டும் எழுதுகிறான். பேச்சு அமர்க்களமாக இருக்கிறது, ஆனால் பேசுகிறவர் நிற்பது வாசலா வயலா என்று தெரிவதில்லை. மற்றவன் வாக்குமூலம் எழுதுகிறான். சகலமும் தெளிவாக இருக்கிறது, உயிர் மட்டும் இல்லை. ஆகவே என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் அப்பியாசம் இதுதான்: மாட்டுத்தாவணியில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது காதில் விழும் ஒரு பேச்சை, வீட்டுக்கு வந்ததும் கேட்டபடியே எழுது, அதையே நீதிமன்ற வாக்குமூலமாக மாற்றி எழுது, பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று எழுது. அந்த மூன்றாவதில்தான் கதை தொடங்கும். ஓர் எச்சரிக்கையும் உடன் சொல்லிவிடுவேன். கேட்ட குரலை எடுத்துக்கொள்ளலாம். கேட்ட மனிதரின் விவகாரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. நான் எந்த வழக்கையும் கதையாக்கியதில்லை. கூண்டில் ஏறிப் பேசியவர்கள் எனக்காகப் பேசவில்லை.

ஊர்ப் பேச்சை இலக்கியத்துக்குள் முழு உரிமையோடு அமர்த்தியதற்கு மதுரையிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் முதன்முதலாக வெளிவந்தது பெரிய வியாபாரப் பதிப்பகம் எதிலிருந்தும் அன்று. மதுரையில் இயங்கிய சமுதாய சிந்தனை செயல் ஆய்வு மையத்திலிருந்து. கன்னியர் மடத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண், தன் கிராமத்து தலித் மக்களின் மொழியிலேயே தன் வாழ்க்கையை எழுதினார். அந்தப் புத்தகம் ஆங்கிலத்துக்குப் போய் 2000-ல் கிராஸ்வேர்டு பரிசும் பெற்றது. 'இந்தப் பேச்சுத் தமிழை யார் ஐயா அச்சிடுவார்கள்?' என்று சந்தேகிப்பவர்களிடம் நான் வேறு விளக்கம் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுகிறேன்.

வாசிப்பைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை; வாசிக்காமல் எழுத வருகிறவனுக்கு எந்த யோசனையும் பயன்படாது. சிம்மக்கல்லில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் புது நத்தம் சாலையில் இருக்கிறது. இடமில்லை என்ற சாக்கு இனி மதுரைக்காரனுக்குச் செல்லாது. ஆனால் வாசிப்பதிலும் கையை உபயோகிக்கும் வாசிப்பு ஒன்று உண்டு. புதுமைப்பித்தனிலோ கு.ப. ராஜகோபாலனிலோ ஒரு சிறுகதையைத் தேர்ந்தெடுத்து, வரிக்கு வரி, நிறுத்தற்குறி உட்பட, நோட்டில் படியெடுத்துப் பாருங்கள். கண் ஓடுகிற வேகத்தில் தெரியாதது, கை நடக்கிற வேகத்தில் தெரியும்: வாக்கியத்தை எங்கே நிறுத்தினார், எதைச் சொல்லாமல் விட்டார், அந்தப் பெயரை ஏன் இரண்டாம் முறை சொன்னார் என்பதெல்லாம். சுந்தர ராமசாமி ஆரம்ப காலத்தில் தகழியின் மலையாள நாவலைத் 'தோட்டியின் மகன்' என்று தமிழாக்கியதும், ஜெயகாந்தன் ஜனசக்தி அச்சகத்தில் புரூஃப் திருத்தியதும் இவ்வகைக் கல்வியே என்பது என் அபிப்பிராயம். பிறர் எழுத்தை எழுத்தெழுத்தாகத் தொட்டுப் பழகிய விரல், தன் எழுத்தில் பிசிறு வந்தால் கூசும்.

எழுதியதை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அதுவும் இலக்கியம் அறியாத ஒருவர் முன்னால். மதுரையில் இலக்கியக் கூட்டங்களுக்குப் பஞ்சமில்லை. 1975-ல் முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உதயமானதே இந்நகரில்தான்; 'செம்மலர்' இங்கிருந்துதான் வெளிவந்தது. அத்தகைய கூட்டங்களில் எனக்குக் கிடைத்த நட்புகள் பெரிது. ஆனால் கூட்டத்தில் ஒருவர் பாராட்டுவார், ஒருவர் கொள்கை பேசுவார். கதை எந்த இடத்தில் தொய்கிறது என்பதைச் சொன்னவள் என் அக்காள்தான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்பாள். ஓரிடத்தில் முறம் நிற்கும். "அந்தப் பொம்பள எதுக்கு அழுகுறா தம்பி? அத நீ சொல்லவே இல்லையே" என்பாள். அப்போது மனத்துக்குள் நான் அவளோடு வாதாடுவேன். ராத்திரி அந்தப் பத்தியைத் திருத்துவேன்.

இனி, எழுதி முடித்த பிறகு நேர்வதைப் பற்றி. இந்த விஷயத்தில் மதுரை மண் இரண்டு நேரெதிரான திருஷ்டாந்தங்களை நமக்கு வைத்திருக்கிறது.

ஒருவர் ப. சிங்காரம். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், யுத்தத்துக்குப் பின் திரும்பி, மதுரைத் 'தினத்தந்தி'யில் உத்தியோகம் பார்த்து, ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் தனியராக வாழ்ந்தவர். அவருடைய 'கடலுக்கு அப்பால்' 1959-ல் கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்ற பிற்பாடும், 'புயலிலே ஒரு தோணி' புத்தகமாவதற்கு 1972 வரை காத்திருக்க நேர்ந்தது. அவர் கூட்டங்களுக்குப் போகிறவரல்லர். தம் புத்தகத்தைப் பற்றிப் பேசித் திரிகிறவரும் அல்லர். இரண்டே நாவல்களோடு நிறுத்திக்கொண்டு 1997-ல் மறைந்தார். இன்று தமிழின் தலைசிறந்த நாவல்களைப் பட்டியலிடுகிறவர்கள் அவர் பெயரை விடுவதில்லை. ஆனால் அந்த மதிப்பில் பெரும்பகுதி அவருக்கு வெகு காலதாமதமாக வந்து சேர்ந்தது. அவருடைய மௌனத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று சிலர் சொல்லுவார்கள். இருக்கலாம். எனக்கென்னவோ, அவர் எழுதாமல் போன மூன்றாவது நாவலின் ஞாபகந்தான் வருகிறது.

மற்றவர் வத்தலக்குண்டு சி.சு. செல்லப்பா. 1959 ஜனவரியில் 'எழுத்து' பத்திரிகையைச் சொந்தப் பொறுப்பில் தொடங்கி, புதுக்கவிதைக்கும் விமரிசனத்துக்கும் களம் அமைத்து, அச்சிட்ட புத்தகங்களைப் பையில் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றவர். முதிர்ந்த பிராயத்தில் 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலையும் தாமே வெளியிட்டார். அதற்கு 2001-ல் சாகித்திய அகாதெமி பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. ஜி. நாகராஜனும் ஏறக்குறைய இந்த வழியே போனார்: 'குறத்தி முடுக்கு', 'நாளை மற்றுமொரு நாளே' ஆகியவற்றை வேறொருவர் போடட்டும் என்று உட்கார்ந்திராமல், 'பித்தன் பட்டறை' என்ற பெயரில் தாமே வெளியிட்டார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றுவதற்கு முன், பிரதி வாங்குவதாகக் கையொப்பமிடுவோரைத் தேடி அவர் அலைந்த அலைச்சல் கொஞ்சமன்று. முன்பதிவுத் திட்டம் என்று இன்று புதுமையாகப் பேசப்படுவது, அன்று அவர் நடந்த வழியே.

சுமப்பது எழுத்தாளனுக்குக் கௌரவக் குறைவு என்று ஒரு காலத்தில் நானும் எண்ணியதுண்டு. முதல் தொகுதிக்கு நண்பர்களோடு கூடிப் பணம் போட்டபோதுதான் அதன் பிரயோஜனம் தெரிந்தது. டெமி அளவில் பதினாறு பக்கம் ஒரு பாரம். கதைகளைக் கோத்துப் பார்த்தபோது கடைசிப் பாரத்தில் இரண்டு மூன்று பக்கம் மட்டுமே வழிந்தது. அதற்காக ஒரு முழுப் பாரத்துக்குக் காகிதமும் கூலியும் கொடுக்க வேண்டும் என்றார் அச்சகத்தார். சரி, அந்தப் பக்கங்களைக் குறைத்துவிடுவோம் என்று சிவப்பு மையோடு உட்கார்ந்தேன். ஆச்சரியம் என்னவென்றால், கதைக்குக் கதை வெட்டத்தக்கதாக எனக்கு அகப்பட்டது பெரும்பாலும் முதல் பத்தி: வானம், வெயில், வைகையில் தண்ணீர் இல்லாத வருத்தம். அவற்றை எடுத்த பிறகு கதைகள் சட்டென்று எழுந்து நின்றன. எந்த விமரிசகரும் எனக்குச் சொல்லாததைக் காகித விலை சொல்லிற்று. இப்போது எதை எழுதினாலும், முடித்த பின் முதல் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இரண்டாவதிலிருந்து வாசித்துப் பார்க்கிறேன்.

பதிப்பகத்தார் முன்வந்தால் சந்தோஷம்; ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடலாகாது. நீதிமன்றத்தில் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்லுகிறேன். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை மாற்றித் தருவது கையெழுத்திட்ட எழுத்து மூலமாகத்தான் செல்லும். எத்தனை ஆண்டுக்கு என்று ஒப்பந்தத்தில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு என்றும், எந்த எல்லைக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் பொருள் கொள்ளும். எழுதியவனின் ஆயுளுக்கும் அதற்குப் பின் அறுபது ஆண்டுக்கும் நீடிக்கிற சொத்து அது. முதல் புத்தகம் வரப்போகிறது என்ற பரவசத்தில், "சகல உரிமைகளும் நிரந்தரமாக" என்ற வரியின் கீழ்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். ராயல்டி சாதாரணமாக விலையில் பத்து சதவீதம் என்று பேசப்படும். ஆண்டுக்கு ஒரு முறை கணக்குக் காட்ட வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். உங்களிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது குற்றமல்ல, அச்சுக் கூலியைப் பதிப்பு என்று பெயரிட்டு விற்பதுதான் பிசகு. ஐ.எஸ்.பி.என். எண்ணுக்கென்று ஒரு தொகை கேட்டால் உடனே உஷாராகிவிடுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமில்லாமலே வழங்குகிறது. சொந்தமாகப் போடுவதென்றால், தேவைக்கேற்ப ஐம்பது நூறு பிரதி மட்டும் அச்சிட்டுத் தரும் வசதி இப்போது வந்திருக்கிறது. ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கிவைத்த எங்கள் தலைமுறைக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, தெரிந்தவர் அரங்கில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிக்கொண்டு நான் உட்காருவதுண்டு. என் புத்தகம் விற்கிறதா என்று பார்க்க மட்டும் அல்ல. வாங்க வருகிறவர் அட்டையைப் பார்க்கிறார், பின்னட்டையைப் புரட்டுகிறார், விலையைப் பார்க்கிறார். பிறகு எவ்வளவோ பேர் முதல் பக்கத்துக்குப் போவதில்லை. நடுவில் எங்கோ ஒரு பக்கத்தைத் திறந்து, நின்றபடியே நாலைந்து வரி வாசிக்கிறார்கள். வாங்குவதும் வைத்துவிட்டுப் போவதும் அந்த நாலைந்து வரியில் தீர்மானமாகிவிடுகிறது. திண்ணைக்கு வரும் தம்பிமார்களின் கோப்பை வாங்கியதும் நானும் இப்போது அப்படியே நடுவில் பிரித்துத்தான் வாசிக்கிறேன். அவர்கள் முகம் சற்று வாடுகிறது, முதல் பக்கத்தில்தான் பிரமாதமாக எழுதியிருப்பதாகச் சொல்லுகிறார்கள்.